ஸ்வெய்னின் காரை ஸ்டார்ட் செய்தது

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இங்கே நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஸ்வெய்னோடு சேர்ந்து பழைய அமெரிக்கக் கார் திருத்துகிறேன் என்று ஆறு வருடமாக உங்களுக்கு அளந்தேன். நான் பிடித்தது டோர்ச் லைட் மட்டும்தான்.

ஸ்வெய்ன் போன கிழமை இறந்துவிட்டார். இன்று செத்தவீடு. காலையில் அவருடைய மனைவி வந்து கதவைத் தட்டினார்.

"பெட்டிக்குப் பின்னால் தன்னுடைய கார் வரவேண்டும் என்றவர். அது ஸ்டார்ட் ஆகுதில்லை. நீதானே அவரோடு திருத்தினவன்?"

என் மனுசி பின்னால் நின்று மெல்லச் சொன்னாள்:

"போங்கோ, போய் டோர்ச் அடியுங்கோ."

மாதக்கணக்காக ஓடாத கார். பெற்றோல் மேலே ஏறவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரேயொரு வைத்தியம். போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் அது தெரியும். மருந்துப் போத்தலில் பெற்றோல் எடுத்து, கார்பரேட்டர் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"இப்ப திறப்பைத் திருப்புங்கோ!"

பதற்றத்தில் தமிழில்தான் கத்தினேன். ஸ்டியரிங்கில் இருந்த ஸ்வெய்னின் மனைவிக்கு விளங்கியது.

இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் குனிந்து பார்த்தேன். உள்ளேயிருந்து நெருப்பு ஒருமுறை பாய்ந்தது, பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும்தான்.

தேவாலயம் வரைக்கும் கார் நிற்கவேயில்லை.

மீசையில் பாதி கருகிவிட்டதால் மீதியையும் வழித்துவிட்டுத்தான் போனேன். பின்னேரம் தமிழ்க் கடையில் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து, "அப்பா எப்ப மோசம் போனவர்?" என்று கேட்டார்கள்.

அப்பா சாவகச்சேரியில் சுகமாக இருக்கிறார். துக்கம் விசாரிக்க யாரும் ஊருக்குப் போன் எடுக்க வேண்டாம்.

ஒரு அண்ணை எடுத்துவிட்டார். அப்பாதான் போனைத் தூக்கினார்.