சவரிமுத்து கீழே தள்ளிய தோட்டாக்கள்

வியாழக்கிழமை காலை கோரமண்டல் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றேன். விறகு வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, "பெரியவரே, உங்க சவரிமுத்து போயிட்டாரு. அந்தோணியம்மா உங்கள கையோட வரச் சொல்லிச்சு" என்றார். கையிலிருந்த போத்தலை யாரிடம் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. ஓடினேன். ஓடி என்ன செய்ய? அவன் மனைவி அந்தோணியம்மா என்னைப் பார்த்ததும், "இப்பதாண்ணா, தண்ணி கேட்டாரு" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்த சவரிமுத்துவை, அவனுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். கடைசிக் காலத்தில் பாறைத்தூள் நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தைக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதனாகத்தான் இளையவர்கள் அவனைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அவன் ஒரே ஷிப்டில், கேஜ் என்கிற ஒரே இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவன். அவன் வெடி வைத்துப் பாறையை உடைப்பான். நான் மேற்கூரை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பேன். "நான் இடிக்கறேன், நீ தாங்கு. ரெண்டு பேருக்கும் கூலி ஒண்ணுதான், அதுதான் எனக்குப் புரியல" என்பான்.

ஒரு வருடம் மைசூர் மைன்ஸ் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்த ஓடையில் காட்டுப்பன்றி ஒன்று தங்கிவிட்டது. விறகு பொறுக்கப் போன பெண் ஒருத்தியின் காலைக் கிழித்துப்போட்டது. காய்ச்சலில் படுத்திருந்த எங்கள் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை, தன் துப்பாக்கியைச் சவரியிடம் கொடுத்தார். விரல் போகும் அளவுக்குக் குழல் வாய் பெரிது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் பழைய தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வரிசையாகக் கிடக்கும். கடைசியாக நுழைத்ததுதான் முதலில் வரும்.

துரை இரண்டு வகைத் தோட்டா கொடுத்தார். ஒன்றின் குண்டு முனையில் குழி இருந்தது. மற்றது கெட்டி ஈயம். எது நல்லது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நாங்கள் சுரங்கத்து ஆட்கள், எங்களுக்குத் தெரிந்த வழியில்தான் பார்த்தோம். வெடித் துளையை அடைக்கிற ஈரக் களிமண்ணைக் காலி டைனமைட் பெட்டிகளில் திணித்து, வரிசையாக வைத்துச் சுட்டோம். கெட்டிக்குண்டு சின்னத் துளை போட்டுப் பெட்டிகளைத் தாண்டி எங்கோ போய்விட்டது. குழிக்குண்டு முதல் பெட்டியையே பிளந்து, ஒரு சட்டி கவிழ்க்கும் அளவுக்குப் பள்ளம் பறித்தது.

சவரி கைதட்டினான். "பார்ரா முனுசாமி, இதுதாண்டா வெடி! அது இன்னா, கோணி ஊசி."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பெரிய பள்ளம் பறிக்கத்தானே எங்களைச் சோறு போட்டு வைத்திருந்தார்கள். துரையிடமும் சவரி அப்படியே சொன்னான். மிச்சமிருந்த ஒரே ஒரு கெட்டிக்குண்டை, அடியில் கிடக்கட்டும் என்று முதலில் நுழைத்துவிட்டு, அதன்மேல் குழிக்குண்டுகளாக நிரப்பினான்.

ஓடைக்குப் போய்க் காத்திருந்தோம். பன்றி கள்ளிப் புதரிலிருந்து வெளிவந்தபோது அவன் அதன் தோளில் சுட்டான். புகை கலைந்தபோது அது மண்டியிட்டிருந்தது. செத்துவிட்டது என்று நான் முன்னால் போனேன். அது எழுந்தது. திரும்பி ஓடினேன். என் கால் இரு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டாவது குண்டும் அதே தோளில்தான் பட்டது. சதை சிதறியது, பன்றி நிற்கவில்லை. என் தொடையைக் கிழித்துக்கொண்டு தாண்டிப் போய், திரும்பி நின்றது.

அப்போது சவரியைப் பார்த்தேன். அவன் சுடவில்லை. வளையத்தைத் தள்ளினான், இழுத்தான். சுடாத தோட்டா ஒன்று தரையில் விழுந்தது. மறுபடி தள்ளினான். இன்னொன்று விழுந்தது.

"டேய் பாவி! சுட்றா! ஏண்டா கொட்ற?" என்று கத்தினேன். பயத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். காலை இழுத்தேன், வரவில்லை. ரத்தம் சூடாக முழங்காலுக்கு இறங்கியது. பன்றி வந்துகொண்டிருந்தது. அவனோ தோட்டாவைத் தரையில் தள்ளிக்கொண்டிருந்தான். என் மனைவி பெயரைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு தோட்டா விழுந்தது. பன்றியின் மூச்சு எனக்குக் கேட்டது.

பிறகு ஒரே ஒரு வெடி. பன்றி என் கால்மேலேயே விழுந்தது.

அவன் ஓடிவந்து அதைப் புரட்டித் தள்ளினான். தன் வேட்டியைக் கிழித்து என் தொடையில் கட்டினான். "அடியில கெடந்த கெட்டிக்குண்டு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா சுட்டிருந்தா பொகை மறைச்சிருக்கும். நீ எது, பன்னி எதுன்னு தெரியாதுடா" என்றான். முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அந்தக் குழிக்குண்டு அகலமா தோண்டிச்சு. ஆழமா போவல. நான் பள்ளத்தப் பாத்து ஏமாந்துட்டேன்" என்றான்.

பன்றியை அறுத்தபோது தெரிந்தது. தோளில் பலகை போலத் தடித்த தோல். குழிக்குண்டுகள் அதிலேயே உடைந்து தகடாகச் சிதறியிருந்தன. கெட்டிக்குண்டு நெஞ்சில் புகுந்து பின்தொடை வழியாக வெளியே போயிருந்தது. மறுநாள் எல்லார் முன்னாலும் துரையிடம், "நான் சொன்னது தப்பு தொர. மானுக்கு வேணா அது ஆவும், பன்னிக்கு ஆவாது" என்றான். பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரித்தார். சவரி அவரையும் பார்த்துச் சிரித்தான்.

நண்பர்களே, அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கையைத்தான். தான் நம்பியது பொய் என்று தெரிந்த நொடியில், எதிரே எவன் எப்படிக் கத்தினாலும் அதை உதறித் தள்ளிய கை. சுரங்கத்தின் அடி லெவலில் இறங்குகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று ஆயுசு முழுக்கச் சொன்னவன் நான். பல் கொட்டிய பிறகு அந்தப் பேச்சை உதறிவிட்டு, சர்ச் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்து பிடிபடும்போதும் வாய்விட்டுச் சிரித்தேன். நான் முதலில் எழுதிய பெயர் அவனுடையது. பலகையைத் தூக்கிக்கொண்டு அவன் கட்டிலுக்குப் போனேன்.

எழுத்தே அறியாத அவன் பலகையை வெகுநேரம் பார்த்தான். "இன்னாடா இது... வெடித்திரி மாதிரி சுருண்டு கீது. எந்தப் பக்கம் பத்த வெக்கணும்?"

முதல் எழுத்தைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தான். மேலே பேச மூச்சு இல்லை. விரலை மட்டும் எடுக்கவே இல்லை.