கருகிய முன்சீட்டு

கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஈஸ்வரியும் அவள் கணவன் தணிகைவேலும் அங்கே கார் சீட்டுக்கு உறை தைத்துப் பிழைக்கிறார்கள். சீட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவன் வேலை. வெட்டுவது, தைப்பது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவள்.

ஆரணிக்குப் பக்கத்து ஊர்க்காரி ஈஸ்வரி. அப்பா முனுசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சீட் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவளைப் போட்டது வெளிநாட்டுக்குப் போகும் சீட்டுகளின் லைனில். குளிர் தேசத்துக் கார்களுக்கு உட்காரும் இடத்தில் சூடு வேண்டும். அதற்காக, மெல்லிய துணியில் வளைந்து வளைந்து கம்பி ஓடும் ஒரு விரிப்பைப் பஞ்சின் மேல் ஒட்டி, அதற்கு மேல் உறையை இழுத்துக் கட்டுவார்கள். ஹீட்டர் மேட் என்பார்கள். சித்திரை மாதத்தில் வியர்வை வழிய அதைத் தைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை. "நம்மூர்ல வண்டியை வெயில்ல உட்டாலே இட்லி வெந்துடும், இதுக்கு கரண்டு வேற" என்று சிரிப்பார்கள்.

தணிகைவேலை அவள் அங்கேதான் பார்த்தாள். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அந்த லைனைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியது. காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவரும் பழைய தையல் மெஷின் இரண்டை வாங்கிப்போட்டு இந்தக் கடையைத் தொடங்கினார்கள். ஹீட்டர் மேட்டை இனி கண்ணால் பார்க்கப்போவதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

போன வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு காலையில் பெரிய வெள்ளைக் கார் ஒன்று கொட்டகை முன்னால் வந்து நின்றது. இறங்கியவள் மிருதுளா. வீடு திருவள்ளூர், வேலை சிப்காட்டில் ஒரு கம்பெனியில். அங்கே மேனேஜராக இருந்த கொரியாக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற காரை அவள் வாங்கியிருந்தாள்.

"முன்னாடி இடது பக்கத்து சீட்ல ஹீட்டர் வேலை செய்யல. ஷோரூம்ல கேட்டா முழு சீட்டையும் வரவழைக்கணும், மாசக்கணக்கா ஆகும்ங்கறாங்க. உங்களால பாக்க முடியுமா?"

தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்மூருக்கு ஹீட்டர் இன்னாத்துக்கு மேடம்?"

"எங்க அம்மாக்கு. இடுப்பு வலி. அந்தச் சூட்டுல உக்காந்தாதான் அவளுக்கு இதமா இருக்கு. காஞ்சிபுரம், சோளிங்கர்னு எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஏறினதும் முதல்ல அந்த சுவிட்சைத்தான் போடுவா."

ஈஸ்வரி ஒப்புக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வேலை, அதுவும் இத்தனை வருஷம் கழித்துத் தேடி வந்திருக்கிறது. மிருதுளா வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

தணிகைவேல் பேட்டரி ஒயரைக் கழற்றினான். சீட்டுக்குப் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, அவசரப்பட்டு ஒயரை இழுத்தால் முகத்தில் வெடிக்கும். சற்றுப் பொறுத்து, சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேசை மேல் கவிழ்த்தான். ஈஸ்வரி மீட்டரை வைத்துப் பார்த்தாள். சாயும் பகுதியில் கம்பி நன்றாக இருந்தது. உட்காரும் பகுதியில் எங்கோ அறுந்திருந்தது. உறையைப் பிடித்திருந்த கம்பி வளையங்களைக் குறடால் வெட்டி, தோலை மெதுவாகப் பின்னுக்கு உரித்தாள்.

வாசனைதான் முதலில் வந்தது. தீய்ந்த பஞ்சின் வாசனை.

ஒரு ஓரத்தில் மேட் சுருங்கி மடிந்து, கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த இடத்தில் பஞ்சு உள்ளங்கை அகலத்துக்குக் காபிப்பொடி நிறத்தில் கருகியிருந்தது. தோலின் அடிப்பக்கமும் விறைத்துப் போயிருந்தது. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் சென்சார் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சோதித்துப் பார்த்தால் சென்சாருக்கு ஒன்றுமில்லை. அது இருப்பது சீட்டின் நடுவில். ஓரத்தில் கம்பிகள் சேர்ந்து கொதித்தது அதற்குத் தெரியவே இல்லை. கம்பி அறுந்துபோகும் வரை அந்த இடம் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"இன்னா பாத்துக்கினே நிக்கற?" என்றான் தணிகைவேல். "மேட்டு சென்னையில கிடைக்கும். அளவு சொல்லு, வாங்கியாரேன்."

"இரு. இவ்ளோ கருகிக்கீதே, உக்காந்தவங்களுக்கு சுடாதா?"

"சுட்டா ஆஃப் பண்ணியிருப்பாங்க."

"அதான் கேக்கறேன். ஏன் ஆஃப் பண்ல?"

ஈஸ்வரிக்கு அப்பா முனுசாமியின் கால் ஞாபகம் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். முனுசாமிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் ஆரணியிலிருந்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தவர், சைலன்சரின் மேல் கால் ஒட்டியிருந்ததை வீடு வந்து இறங்கும்வரை உணரவில்லை. காலில் உணர்ச்சியே இல்லாமல் போயிருந்தது. சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பத்து போட்டார்கள். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஈஸ்வரி மிருதுளாவுக்குப் போன் செய்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"சீட்டு ஒரு பக்கம் நல்லா தீஞ்சிபோய்க்கீது. அம்மா சுடுதுன்னு சொல்லவே இல்லியா?"

"இல்லையே. கொஞ்ச நாளா சூடு பத்தல, இன்னும் ஏத்துன்னுதான் சொன்னா."

"அப்போ அவங்களுக்கு அங்க சுட்டிருக்கும் மேடம். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. யாராச்சும் பாக்கணும்."

மிருதுளா அம்மாவிடம் கேட்டுவிட்டு மாலையில் கூப்பிட்டாள். "ஒண்ணுமே இல்லைங்கறா. நீங்க பயப்படாம சீட்டை ரெடி பண்ணுங்க."

"அவங்களுக்கே தெரியாது மேடம். அந்த இடத்தை அவங்களால பாக்கவும் முடியாது. நீங்க ஒருவாட்டி..."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல?" குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. "எங்க அம்மா அதெல்லாம் காட்ட மாட்டா. நீங்க சீட்டைப் பாருங்க, போதும்."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. சீட்டு தைக்கிற பெண் யாரோ, போனில் கூப்பிட்டு அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் பிடிக்கும். ஈஸ்வரி அன்று இரவு வரை வேறொரு காருக்கு உறை வெட்டினாள். வெட்டியது கோணலாகப் போய்விட்டது.

மறுநாள் காலை சமையலை முடித்துவிட்டுப் புடவை மாற்றினாள். தணிகைவேல் ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"திருவள்ளூரு."

"ஏய், பேஜாரு பண்ணாத. அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிச்சு இல்ல? அப்புறம் வண்டியைத் தள்ளிக்கினு போய்டும்."

"போனா போவட்டும். எங்கப்பா காலை நான்தான் தெனம் கழுவுனேன், நீ இல்ல."

பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூரில் இறங்கினாள். வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியாது. தன் அப்பா வீரராகவர் கோயிலில் பிரபந்தப் பாசுரங்களை ஓதுகிறவர், பெயர் ராமபத்ரன் என்று மிருதுளா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சன்னதித் தெருவில் துளசி விற்றுக்கொண்டிருந்தவளிடம் கேட்டதும் வீட்டைக் கை காட்டினாள்.

கதவைத் திறந்தது மிருதுளாவின் அம்மா அம்புஜவல்லியேதான். அறுபதைத் தாண்டியவள், ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தாள். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"சீட்டு ரிப்பேர் பண்ற பொண்ணா? வாம்மா, உள்ள வா. நான் குளிச்சு மடியா இருக்கேன், யாரும் தொடக்கூடாது, கொஞ்சம் தள்ளி உக்காரு. தப்பா எடுத்துக்காதே. தீர்த்தம் சாப்பிடறியா? அவர் கோயிலுக்குப் போயிருக்கார்."

ஈஸ்வரிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அதற்காக வரவில்லை என்று விட்டுவிட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகப் பேச்சை எடுத்தாள். சீட்டுக்குள் பார்த்ததைச் சொன்னாள். அப்பாவின் காலைச் சொன்னாள். போனில் எடுத்து வைத்திருந்த கருகிய பஞ்சின் படத்தைத் தூரத்திலிருந்தே காட்டினாள்.

அம்புஜவல்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "நேத்து மிருதுளா இதைத்தான் கேட்டாளா? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

"வலிக்காது மாமி. அதான் பயமா கீது. துணியில கறை எதுனா படுதா?"

அம்புஜவல்லி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "படறது. ஒரு வாரமா ஈரமாவே இருக்கு. சூட்டுக் கட்டியா இருக்கும்னு சந்தனம் அரைச்சுத் தடவிண்டிருக்கேன். இதைப் போய் யார்கிட்ட சொல்றது? அவர்கிட்டயா?"

"என்கிட்ட காட்டுங்க. நானும் பொம்பளதானே. தொட மாட்டேன், பாக்கறதோட சரி."

அம்புஜவல்லி வாசல் கதவைத் தாழிட்டாள். பிறகு உள்ளறைக்குப் போனாள். ஈஸ்வரி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இடது பக்கம். சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் தோல் வெளுத்திருந்தது, நடுவில் குழிந்து சீழ் கட்டியிருந்தது. ஈஸ்வரி படம் எடுத்து, அம்புஜவல்லியின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டினாள்.

"இது யாரோடது?" என்றாள் அம்புஜவல்லி.

"உங்களுதுதான் மாமி."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தெரியவே இல்லியே. என் உடம்பு, எனக்கே தெரியலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, புடவையைச் சரிசெய்துகொண்டு ஈஸ்வரியின் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். "பரவாயில்லை, அப்புறம் குளிச்சுக்கறேன். நீ மிருதுளாவுக்குப் போனைப் போடு."

மிருதுளா வரும்வரை காத்திருக்கவில்லை. கோயிலுக்கு ஆள் விட்டு ராமபத்ரனை வரவழைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவருக்கு எதுவுமே புரியவில்லை. வழியெல்லாம் "சீட்டா? கார் சீட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து, அன்றே படுக்கையில் சேர்த்தாள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் உள்ளே எலும்பு வரை போயிருக்கும் என்றாள். இடுப்பு வலிக்கு வேறு மருந்து எழுதினாள். வெந்நீர் ஒத்தடம்கூட இனிமேல் கூடாது, ஹீட்டர் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

மிருதுளா வேலையிலிருந்து நேராக ஓடிவந்தாள். வராந்தாவில் ஈஸ்வரியைப் பார்த்ததும் நின்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று ஈஸ்வரி எதிர்பார்த்தாள். அவள் கேட்டது வேறு.

"நான் கேட்டப்போ அம்மா ஏன் சொல்லல? உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னா?"

"நீங்க பொண்ணு. உங்களுக்குக் கஷ்டமாவும்னு சொல்லல. நான் யாரோதானே, என்கிட்ட சொல்லிட்டாங்க."

மிருதுளா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கார் வாங்கிய நாளில் அந்தச் சுவிட்சை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியதே தான்தான் என்று அழுதுகொண்டே சொன்னாள். ஈஸ்வரி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினாள்.

புண் ஆற மாசி பிறந்துவிட்டது. அதுவரை அம்புஜவல்லி குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுத்தாள். சீட்டு கொட்டகையில் ஒரு மூலையில் உறை இல்லாமல் கிடந்தது. இடது முன்சீட்டு இல்லாத காரை மிருதுளா ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஒருநாள் தாயும் மகளும் கொட்டகைக்கு வந்தார்கள். பின்சீட்டிலிருந்து மெதுவாக இறங்கிய அம்புஜவல்லி, ஈஸ்வரி இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டுடு. ஆனா சும்மா பஞ்சு மட்டும் வெச்சா என் இடுப்பு தாங்காது. வேற ஏதாவது வழி பண்ணு."

ஈஸ்வரி ஹீட்டர் ஒயரைச் சீட்டோடு பிரித்து முனையைக் கட்டினாள். அடியில் கெட்டிப் பஞ்சு, மேலே மெத்தென்ற பஞ்சு, இடுப்பு படும் இடத்தில் கொஞ்சம் மேடு. தணிகைவேல் சீட்டை மாட்டினான். அம்புஜவல்லி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "முதுகுல ஏதோ கல்லு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். ஈஸ்வரி பிரித்துச் செதுக்கினாள். இரண்டாவது முறை, இடுப்பு உள்ளே போகிறது என்றாள். மறுபடியும் பிரித்தாள்.

"மாமி, இன்னிக்கு என்னை உட மாட்டீங்க போல" என்றாள் ஈஸ்வரி.

"உட்கார்றது நான்தானே? சரியா பண்ணு."

மூன்றாவது முறை உட்கார்ந்தவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். வலி போய்விட்டதா என்று மிருதுளா கேட்டதற்கு, "வலி அப்படியேதான் இருக்கு. ஆனா இதுல உக்காரலாம்" என்றாள்.

இப்போது ஈஸ்வரி கடைக்கு இந்த மாதிரிச் சீட்டுகள் அவ்வப்போது வருகின்றன. ஹீட்டரோடு விற்கிற கார்கள் நம் பக்கமும் வந்துவிட்டன. மேட் எங்காவது மடிந்திருக்கிறதா என்று முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் புதிது ஒட்டுகிறாள். யார் உட்காருகிறார்கள், சர்க்கரை உண்டா, கால் மரத்துப்போவது உண்டா என்று கேட்கிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர், உனக்கெதுக்கு அதெல்லாம் என்று சீட்டை வேறு கடைக்குத் தூக்கிப் போனார். அன்று தணிகைவேல் சாயங்காலம் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் கார் கொண்டுவந்தவரிடம், சர்க்கரை உண்டா என்று அவனே முதலில் கேட்டான்.