போடிமெட்டிலிருந்து அப்பாவை இறக்கிய கதை

ஏலமலைக்கு எப்போது போகலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அந்த மலையில் நான் செய்த பயணங்களில் மறக்க முடியாதது 1983 மே மாதம் மேலிருந்து கீழே வந்ததுதான். சுற்றுலா அல்ல. போடிமெட்டுக்கு அப்பால் பதினோரு கிலோமீட்டரில் ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பா கணக்கராக இருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இறந்துபோனார். கூட இருந்தவன் நான் மட்டும்.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். அண்ணன் பம்பாயில். தந்தி போனது. ‘வருகிறேன், காத்திருக்கவும்’ என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவனால் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை போடியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய சித்தப்பாவிடம் இரண்டே வழி சொன்னேன். இன்றே இங்கே நான் கொள்ளி வைக்கிறேன். இல்லை, அண்ணன் வரும்வரை அப்பா இங்கேயே இருக்கட்டும். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடும் இடம் அது. ஓசிக் குளிர்.

"எஸ்டேட்டுல போட்டுட்டு வர எங்கண்ணன் என்ன அநாதையா? தூக்குங்கடா" என்றார் சித்தப்பா.

ஜீப் வாடகை நூற்றிருபது ரூபாய். பத்தே காலுக்குக் கிளம்பினோம். மெட்டிலிருந்து போடிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே டிரைவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, ஐயா தலைய மடியில வச்சுக்கங்க. உசுரோட வந்தப்பகூட இந்த ரோட்டத் திட்டிக்கிட்டேதான் வருவாரு." அன்று ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று சூடேறியது. பன்னிரண்டரைக்குப் போடியில் இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மலையில் இலவசமாகக் கிடந்ததை ஊரில் விலைக்கு வாங்கினார்கள். ஐஸ் கம்பெனியிலிருந்து வேளைக்கு நாலு பார், மரத்தூளும் சாக்கும் சுற்றி வந்தது. அப்போது வாடகைக்குக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் கிடையாது. சித்தப்பா அரை மூட்டைக் கல் உப்பைக் கொட்டச் சொன்னார். "உப்புப் போட்டா ஐஸு ரெம்ப நேரம் நிக்கும்."

நான் பி.எஸ்ஸி. வேதியியல். உப்பு ஐஸை வேகமாகக் கரைக்கும், தொட்ட இடத்தில் தோலைக் கல்லாக உறைய வைத்துக் கருக்கும், ஆனால் அந்தக் குளிர் வயிற்றுக்குள் போய்ச் சேர்வதற்குள் உள்ளே கெட்டுவிடும் என்றேன்.

"ஒன் காலேஜுப் படிப்ப ஒங்கய்யா மேல காட்டாத, அப்பு."

சனிக்கிழமை மாலை மூக்கும் காதும் கறுத்தன. நெஞ்சு பலகை போல இறுகியது. வயிறு உப்பியது. கரைந்த தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியவன் நான். ஊதுபத்திக் கட்டுகளை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா தெருக்கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அண்ணன் வந்தான். ஒரு தடவை பார்த்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "முகத்த மூடுங்க" என்றான். நான் மூடினேன்.

சுடுகாட்டில் கொள்ளி வைத்தான், திரும்பிப் பார்க்காமல் போனான், முறைப்படி. எல்லோரும் குளிக்கப் போனார்கள். தீ பிடிக்கவில்லை. அங்கே வேலை பார்த்த பெரியவர் கோலால் நெஞ்சுப் பக்கம் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஐஸாக் கெடக்கு, அப்பு. வெரசா வேகாது. ஆரு நிக்கிறீக?"

நான் நின்றேன். விறகு தள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றி, மறுநாள் காலை ஒன்பது மணிவரை.

நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் சித்தப்பா, "மூத்தவன் கையால போனாரு எங்கண்ணன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே மலைக்குப் போகிறவர்களுக்கு: போடியிலிருந்து காலை ஆறு மணிக்குள் ஏறிவிடுங்கள், மே மாதத்திலும் கம்பளி வேண்டும். மலையில் யாராவது தவறினால் வெயிலுக்கு இறக்காதீர்கள். ஐஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் உடம்பில் படாமல் பக்கவாட்டில் வையுங்கள், தண்ணீர் வடிய வழி விடுங்கள், உப்பைச் சமையலறையிலேயே விடுங்கள். மூத்தவன், இளையவன் பார்க்காதீர்கள். கடைசித் தண்ணீரை வாயில் ஊற்றியவன் எவனோ, அவன் கையில் கொள்ளியைக் கொடுங்கள்.