நான் வெட்டிய கடைசி வரி

மருந்தகங்களில் மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறையின் முன்பக்கம் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் பக்கங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் நாவல்களைப் பற்றி எழுதிய உறைகள் என்னிடம் நாற்பத்தொன்று இருக்கின்றன. அரியலூரில் நான் வேலை பார்க்கும் சிறிய தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்த அக்கா எழுதியவை அவை. நான் அதே கட்டடத்தில் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள் என்பதால் என் பையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அக்கா அதை எடுத்துப் புரட்டினார். மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே முதல் உறை இருந்தது.

எங்களுக்குப் பிடித்தவை மாயநாட்டுக் கதைகளும், புராணத்தைப் பெண் பக்கம் நின்று மறுபடி சொல்லும் நாவல்களும்தான். வாள் தூக்கும் இளவரசி, சாபத்தை உடைக்கும் முனிவர் மகள் என்றால் நான் மயங்கிப் போவேன். அக்கா மயங்குவதில்லை. மூன்று நாள் போர்க்களத்தில் நின்றவளுக்கு ஒரு வாய் கஞ்சி யார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லையே என்று எழுதுவார். 'கோபத்திலும் அழகாக இருந்தாள் என்று நாலு இடத்தில் வருகிறது. எழுதியவர் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார், அவள் பேச்சைக் கேட்கவில்லை' என்று இன்னொன்றில் இருந்தது. சாபக் கதை ஒன்றைப் பற்றி எழுதியது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: 'சாபம் கொடுத்தவனுக்கு ஒரு நிமிஷக் கோபம். வாங்கினவளுக்கு ஆயிரம் வருஷம்.'

எழுதும்போது உறையை இடது முழங்கையால் அழுத்திக்கொள்வார். இடது மணிக்கட்டு சரியாக மடங்காது. எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. எப்படி என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை அவராகவே சொன்னார். ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் முந்திரிக் காட்டை ஒட்டிய ஊரில் அவரைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருடம் இருந்துவிட்டு, கட்டுப்போட்ட கையோடு கீழப்பழுவூரிலிருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தவர், பிறகு போகவில்லை. வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

என் தப்பு அந்த உறைகளிலிருந்துதான் தொடங்கியது. முகநூலில் ஒரு வாசகர் குழுவில் நான் இருந்தேன். முதலில் அக்காவின் ஒரு வரியை என் பதிவுக்கு நடுவே செருகினேன். அதற்குத்தான் அத்தனை பாராட்டும் வந்தது. பிறகு உறையில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து என் பெயரில் போட ஆரம்பித்தேன். சகோதரியின் பார்வை கூர்மையானது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். எழுத்தாளர்கள்கூட வந்து நன்றி சொன்னார்கள். அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார். நான் என் இருக்கைக்குத் திரும்பிவிடுவேன்.

அந்தச் சமயம் ஒரு நாவல் வந்தது. மலைநாட்டு அரசி ஒருத்தியைக் கணவனே கோபுரத்தில் அடைத்துவைக்கிறான். அவள் தப்பி, படை திரட்டி, அவனைத் தோற்கடிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் மண்டியிட்டு அழ, அவள் மன்னித்து அவனோடு அரண்மனைக்குத் திரும்புகிறாள். குழுவில் எல்லோரும் அந்த முடிவைக் கொண்டாடினார்கள். அதுதான் உண்மையான வலிமை என்றார்கள். அக்கா மூன்று உறைகள் நிறைய எழுதியிருந்தார். பெரும்பகுதி புகழ்ச்சிதான். கடைசி வரிகள் மட்டும் இப்படி இருந்தன: 'அவள் திரும்பிப் போனது தப்பு. அவன் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கோபுரத்தை இடித்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.'

அந்த வரிகளைத் தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். குழுவில் சண்டை வரும், கிடைத்த நல்ல பெயர் கெடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த இடத்தில், மன்னிக்கத் தெரிந்தவளே அரசி என்று நானாக ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்தேன். அதுவரை நான் போட்டவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே அக்கா சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கினார்.

"எல்லாத்தையும் போட்டிருந்த. அவ திரும்பிப் போனது தப்புன்னு எழுதுனேனே, அத மட்டும் விட்டுட்டியேம்மா."

அம்மன் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, வேறு பெயரில் அவரும் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார். ஏழு மாதமாக எல்லாவற்றையும் படித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இன்று ஞாபகமில்லை. எல்லாருக்கும் பிடித்த முடிவு அது, எதிர்த்து எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்று ஏதோ உளறியது மட்டும் நினைவிருக்கிறது.

"பேரு உன்னோடதா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. என் பேரப் பாத்தா அந்த ஊருலேருந்து தேடிக்கிட்டு வருவாங்க" என்றார். டப்பாவைத் துடைத்து மூடினார். "ஞாயித்துக்கிழமை அவரு வந்திருந்தாரு. பெரியவங்க நாலு பேரு முன்னால அழுதாரு. எங்க தம்பிக்கே மனசு எளகிப் போச்சு. எனக்கு மட்டும் என்னமோ கேக்கணும்னு இருந்துச்சு. அன்னைக்கு ராவு உன் பதிவுக்குக் கீழ வந்தத எல்லாம் படிச்சேன். அத்தன பேரும் மன்னிக்கணும்னுதான் சொல்லியிருந்தாங்க."

போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் எழுதிய வரியையாவது அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பேசியபின் நான் யார் என்று தோன்றியது. அதைவிட, அகப்பட்டுக்கொண்ட வெட்கம் பெரிதாக இருந்தது. மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டுவிட்டு அவரோடு அந்த ஊருக்கே திரும்பினார். போகும்போது என்னிடம் வாங்கியிருந்த நாவலைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தார். அதற்குள் உறை இல்லை.

அடுத்த ஆடியில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவர் தம்பி மருத்துவமனைக்கு வந்தார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மஞ்சள் காமாலையாம். கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டு மூன்று வாரம் புருஷன் வீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டதாம். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எந்த மாத்திரையை எப்போது போடுவதென்று சொல்லிக் கொடுத்த மனுஷி.

"அக்கா போன் பண்ணி, வந்து அழைச்சிட்டுப் போடான்னுச்சுங்க. வேலையிருக்கு, ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னேன்" என்றார் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது. எனக்கும் அப்படி ஒன்றைத் தள்ளிப்போட்ட கணக்கு இருந்தது.

இப்போதும் முகநூல் அவ்வப்போது நினைவூட்டுகிறது: சில ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் நீங்கள் எழுதியது. திறந்தால் என் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் குரல். பஸ்ஸில் புது நாவலைப் பிரித்தால் கதாநாயகி வாளை உருவும் இடத்தில், சாப்பிட்டாளா என்று பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ கேட்பது போலிருக்கும். இரண்டு மூன்று முறை திரும்பியும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சாம்பல் தூசி படிந்த சட்டையோடு சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

போன மாதம் குழுவில் உண்மையை எழுதினேன். அந்தக் கருத்துகள் எதுவும் என்னுடையவை அல்ல, ஓர் அக்காவுடையவை என்று சொல்லி, மலைநாட்டு அரசியைப் பற்றிய பதிவை அவர் எழுதியபடியே, கடைசி வரிகளோடு போட்டேன். அவர் இறந்ததை மட்டும் எழுத முடியவில்லை. பயந்ததுபோலவே சண்டை வந்தது. இத்தனை வருடம் ஏமாற்றினீர்களே என்று திட்டினார்கள். கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியவில்லை என்றார்கள் சிலர். கோபுரம் இடிபடவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்கவேயில்லை என்று பதினைந்து இருபது பெண்கள் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன்.

ஒருவருக்கு மட்டும் போடவில்லை. யாரோ ஒரு பெண், முகப்பில் படம்கூட இல்லை. ஒரே வரிதான் கேட்டிருந்தார்: 'அந்த அக்கா இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார்?'

அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டது.