எட்டெழுத்துப் படைகள்

இதில் யாருடைய பேரையும் எழுதப் போவதில்லை. ஒரு ஊர்ப் பேரை வாய்விட்டுச் சொன்னாலே ஆளைக் கொண்டுபோய்விடும் காலத்தில் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் பிழைத்தவன் நான். அந்தப் பயம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி முஸ்லிம், சவூதியில் லொறி ஓட்டிவிட்டு வந்து கடை போட்டவர். ஊரே அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும். சவூதியிலிருந்து வரும்போது மனைவிக்குத் தங்கம் கொண்டுவராமல் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த மனிதர். டிவியோடு சேர்த்து, டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டால், அது தகரத்தை ஆணியால் கீறுவது மாதிரி நெடுநேரம் கத்தும். பிறகு திரையில் மலையும் ஆறும் பாலமும் கட்டம் கட்டமாக விரியும். இரண்டு பேர் ஆடும் போர் விளையாட்டு. ஆளுக்கு எட்டுப் படை. எதிராளியின் கோட்டையைப் பிடித்தவன் ஜெயித்தான்.

ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் அது படைகளுக்குப் பேர் கேட்கும். எட்டு எழுத்துக்குள் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். பேர் வைக்காவிட்டால் வெறும் நம்பர் போட்டுக்கொள்ளும். நானா தன் படைகளுக்கெல்லாம் சவூதிச் சாப்பாட்டுப் பேராக வைப்பார். கப்சா என் பாலத்தைப் பிடிக்க வரும், நான் அடித்து விரட்டுவேன். நான் வைத்ததெல்லாம் தேயிலைத் தோட்டத்து வேலைப் பேர்கள். கவ்வாத்து, மருந்தடி, பெரட்டு, கொழுந்து. ஒன்றுக்கு மட்டும் நான் பிறந்து வளர்ந்த வீட்டு வரிசையின் பேர், பத்தாம் லயம். அதை நான் மலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஆட்டம் முடியும்வரை தொடமாட்டேன். அதனாலேயே எப்போதும் தோற்பேன்.

"என்னத்துக்கு அந்தப் படைய அடகாத்துக்கிட்டு ஈக்கிறாய்? முட்டையா போடப் போகுது?" என்பார் நானா.

"இருக்கட்டும் நானா. அது அங்கயே இருக்கட்டும்."

வெளியே நடந்ததற்கு எந்தக் கேசட்டும் தேவைப்படவில்லை. கடையை மூடு என்று, அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கிளம்பிய சிங்கள இளைஞர் கூட்டம் சுவரில் எழுதிவிட்டுப் போகும். திற என்று இன்னொரு கூட்டம் சீருடையில் வந்து பூட்டை உடைக்கும். மூடினாலும் அடி, திறந்தாலும் அடி. காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் பாலத்தடியில் டயரோடு எரிந்த உடம்பு கிடக்கும். ஒருநாள் இரண்டு கிடந்தன, கைகள் பின்னால் கட்டப்பட்டு. யாரென்று ஒருவரும் கேட்க மாட்டோம். பாணை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வருவோம். திரும்பி வந்து சாப்பிடவும் செய்வோம்.

ஊரடங்கு நாட்களில் கடைக்குள் மூன்று பேர்தான் இருப்போம். நானா, நான், தையல்காரன். அவன் சிங்களப் பையன், இருபது வயது இருக்கும். கடை வாசலில் மெஷின் போட்டுத் தைப்பவன். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வந்துவிட்டது. ஊர் எது என்று கேட்டால் கண்டிப் பக்கம் என்பான். வீட்டுக்குப் போகவே மாட்டான். துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்துக்கொள்வான். அவன் கிராமத்தில் இளைஞர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அகப்பட்டால் டயர்தான் என்று நானா என்னிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார். எந்தக் கிராமம் என்று நான் கேட்கவில்லை.

அன்று பகல் முழுக்க ஊரடங்கு. நானாவுக்குத் தலைவலி. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தையல்காரன் அதுவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவன். முதல் தடவையாக விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தான். பேர் கேட்டது. ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்தான். கத்தரி என்று ஒன்று, ஊசி என்று ஒன்று. நான் சிரித்தேன். மூன்றாவது படைக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பேரை அடித்தான். எட்டு எழுத்து சரியாக இருந்தது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் கிராமத்தின் பேர் அது.

சில வருடங்களுக்கு முன்னால், நாடு முழுக்கத் தமிழரை அடித்த அந்த நாட்களில், அங்கிருந்துதான் லொறி ஏறி வந்தார்கள். பத்தாம் லயத்தின் முதல் கோடியில் நெருப்பு வைத்தார்கள். நாங்கள் தேயிலைக்குள் ஓடிப் படுத்துக்கொண்டோம். என் தம்பி மட்டும் கட்டிப்போட்டிருந்த ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடினான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மறுநாள் வடிகால் காணுக்குள் கிடந்தான். காணில் ஓடிய தண்ணீர் அவன் முதுகில் முட்டி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. அதுவரை ஒரு கட்டம்கூட நகர்த்தாத பத்தாம் லயத்தை மலைக்குப் பின்னாலிருந்து இறக்கினேன். பாலத்தை விட்டேன், கோட்டையை விட்டேன், எல்லாப் படையையும் அந்தக் கிராமத்தின் மேல் ஏவினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணே, கோட்டை தொறந்து கெடக்குதே" என்று எனக்கே எடுத்துச் சொன்னான். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் லயம் அழிந்தது என்று கீழே எழுத்து ஓடியது. மருந்தடியைக் கொண்டுபோய் முட்டினேன். கடைசியில் அவனுடைய கிராமமும் அழிந்தது என்று ஓடியது. எனக்குப் போதவில்லை.

"அதுதான் உன் ஊரா?" என்று கேட்டேன்.

அவன் நானாவைப் பார்த்தான். பிறகு, "ஆமா அண்ணே" என்றான்.

"தோட்டத்த எரிச்ச அன்னைக்கு நீ வந்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சாட்சி கேட்கப் போகிறார்கள். முட்டாள், உண்மையைச் சொன்னான்.

"அப்ப சின்னப் பையன் அண்ணே. எல்லாரும் போனாங்க, நானும் பின்னால போனேன். யாரையும் தொடல. ரெண்டு கோழி தூக்கிக்கிட்டு வந்தேன்."

துணி அளக்கும் கஜக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பித்தளைப் பூண் போட்ட கனத்த மரம். முதல் அடி வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ஒரு பல் தெறித்தது. அவன் கையை உயர்த்தவே இல்லை. அது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. விழுந்த பிறகும் தோளிலும் முதுகிலும் அடித்தேன். எத்தனை என்று தெரியாது. கொன்றுபோட வேண்டும் என்றே அடித்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. நானா பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். "அல்லாவுக்காக விடுடா, விடு" என்று என் காதுக்குள் அழுதார்.

அந்த நேரம் பார்த்துக் கதவை உதைத்தார்கள்.

திரையில் இருந்த ஊர்ப் பேர் யார் கண்ணிலும் படாதபடி நானா பாய்ந்து போய் டிவி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தார். நாலு சீருடைக்காரர்கள் துவக்கோடு உள்ளே வந்தார்கள். தலைவன் மாதிரி இருந்தவன் தரையில் கிடந்தவனைப் பார்த்தான், என் கையில் இருந்த கோலைப் பார்த்தான். எங்கள் மூன்று பேரிடமும் அடையாள அட்டை கேட்டான். நானாவிடம் இருந்தது. என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்துக்காரன் அட்டைக்கு எங்கே போவான். தோட்ட ஆபீஸில் கொடுத்த துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். அதைக் காலம் காலமாகப் பார்த்துச் சலித்தவன் மாதிரி திருப்பி எறிந்தான். தையல்காரனின் அட்டையைக் கிராமத்தில் அந்தச் சுவரில் எழுதும் கூட்டம் பறித்துக்கொண்டு போயிருந்தது. அட்டையில்லாத சிங்கள இளைஞன் என்றால் அவர்களுக்கு வேறு கேள்வி தேவையில்லை.

"இவன் எந்த ஊர்?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டான்.

அவன் நானாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டான். அந்த எட்டு எழுத்தைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கீழே கிடந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"தோட்டத்து ஆள் சேர். என் தம்பி" என்றேன்.

"தம்பியா? பிறகு ஏன் அடித்தாய்?"

"காசுப் பெட்டியில கைய வச்சுட்டான் சேர்."

"பேர்?"

என் வாயில் வேறு பேர் வரவில்லை. செத்துப்போனவனின் பேரைச் சொன்னேன். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பேர். அம்மா அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்பதற்காகவே நாங்கள் எல்லோரும் விழுங்கி வைத்திருந்தோம்.

தலைவன் குனிந்து அவனிடம் ஏதோ கேட்டான். வீங்கிய வாயோடு, "தெரியாது சேர்" என்று தமிழில் குழறினான் தையல்காரன். நான் உடைத்த வாய் அது. நல்ல வாயாக இருந்திருந்தால் சிங்களத்தில் பேசிக் காட்டு என்றிருப்பார்கள், முதல் வார்த்தையிலேயே அகப்பட்டிருப்பான். தலைவன் சிரித்தான். தோட்டத்து நாய்கள் தங்களுக்குள்ளேயே கடித்துக்கொள்ளும் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் தன் பங்குக்கு விலாவில் ஒரு உதை கொடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவர்கள் போன பிறகு நானா அவனைத் தூக்கி உட்கார வைத்து மஞ்சள் குழைத்துப் பூசினார். நான் உதவவில்லை. யோசிக்க இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்றைக்கும் எனக்கு அது நிச்சயமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் கேட்டான். "அண்ணே, நீங்க சொன்ன பேரு யாரோடது?"

சொன்னேன். பீலிக்கரையையும் சொன்னேன், காணையும் சொன்னேன். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் தேற்றப் போகவில்லை.

அந்தப் படைக்காரர்கள் பிறகும் வந்தார்கள். கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தார்கள், சும்மாவும் வந்தார்கள். தலைவனுக்கு நல்ல ஞாபகசக்தி. வாசலில் நின்றே அந்தப் பேரைச் சொல்லி அதட்டுவான், "இன்னும் திருடுகிறாயா?" என்பான். எனவே நானாவும் அவனை அப்படியே கூப்பிடத் தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரர்களும் கூப்பிட்டார்கள். நான் மட்டும் "ஏய்" என்பேன், இல்லாவிட்டால் மேசையைத் தட்டுவேன். ஒருநாள் தலைவன் துணி பார்த்துக்கொண்டு நின்றபோது நான் மேசையைத் தட்டினேன். அவன் துணியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சொந்தத் தம்பிக்குப் பேர் இல்லையா?" என்றான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

நான் கூப்பிட்டேன். முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாவது தடவை சத்தமாகவே கூப்பிட்டேன். மெஷின் நின்றது. முன்பல் இல்லாத அந்த வாயால், "இந்தா வாறேன் அண்ணே" என்றான். எழுந்தும் வந்தான். நான் கூப்பிட்டது அவனை இல்லை.