ரயிலுக்கு ஒரு மைக், ரயில் எதிர்ப்புக்கு ஒரு மைக்

மைக் செட் போடுகிறவனுக்குக் கட்சி கிடையாது. கரண்ட் எங்கே இருக்கிறது, ஒயர் எட்டுமா என்ற இரண்டு கவலைதான் உண்டு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கருமாதி, தேர்தல், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிவிட்டு, கடைசி ஆளாக ஒயரைச் சுருட்டிக்கொண்டு வருகிற கூட்டம் நாங்கள். பேச்சு பிடிக்கவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று பாதிக் காதைத் தொலைத்த சக தொழிலாளர்களே, கூடாரம் போடுகிறவர்களே, நாற்காலி அடுக்குகிறவர்களே, நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும்.

நான் இருப்பது மலேசியாவின் ஜொகூர், பெர்மாஸ் ஜெயா. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, வழியாகத் தூண்களின் மேல் ஓடும் ரயில் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அதில் ஏறினால் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தோரம் வரை போய், அங்கிருந்து கடல் தாண்டும் ரயிலைப் பிடிக்கலாமாம். செலவு எவ்வளவு என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு தொகை சொன்னார்கள். அது ஏறியதே தவிர ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஸ்டேஷனுக்குக் குறித்த இடம் எங்கள் திடல். திடலோரம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். முதல் கடை பாக்கியம் அக்காவின் தோசைக் கடை. புருஷன் போன பிறகு அந்தத் தோசைக் கல்லை நம்பித்தான் அக்கா ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கினார். ரயில் வந்தால் கடை போகும். அதனால் ரயில் வேண்டாம் என்று கிளம்பிய குழுவில் முதலில் சேர்ந்தவரும் அவர்தான்.

இரண்டு பக்கமும் என் ஒயர்

எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர் ஜோசப் சார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை திடலில் கூட்டம், மைக் செட் வேண்டும் என்று போன் பண்ணினார். சரி என்றேன். போனைக் கீழே வைக்கவில்லை, ரயில் திட்டத்துக்காரர்களிடமிருந்து அழைப்பு. அவர்களுக்குத் திங்கட்கிழமை அதே திடலில் விளக்கக் கூட்டமாம், கூடாரமும் மைக்கும் வேண்டுமாம். அதற்கும் சரி என்றேன். ஒரு நாள் போட்ட கூடாரத்தை அப்படியே விட்டுவைத்தால் எனக்கு எவ்வளவு மிச்சம் என்பது கூடாரம் போடுகிறவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

விஷயம் அன்று சாயங்காலமே பாக்கியம் அக்காவுக்குப் போய்விட்டது. பசியோடு போய் உட்கார்ந்தேன். தோசை வந்தது, சட்னி வரவில்லை.

"அவங்களுக்கும் நீதான் மைக் வைக்கிறியாமே?" என்றார்.

"தொழில்க்கா. கூப்பிட்டா போகணும்ல?"

கரண்டி பிடித்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைத்தார். நான் வெறும் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பிறகு மனசு இரங்கி சட்னியை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"வை, வேணாங்கல. அவங்க பேசும்போது மட்டும் கொர்ருனு ஒரு சத்தம் வர்ற மாதிரி வை."

பின்னால் தொங்கிய துணி

ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்புக் கூட்டத்துக்கு மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழியிலும் பேனர் கட்டியிருந்தார்கள். முடிந்ததும் அவிழ்க்கிற வேலையும் என் தலையில். முன்னால் இருந்த இரண்டையும் அவிழ்த்தேன். மேடைக்குப் பின்னால் இருந்த தமிழ் பேனரை மறந்தேபோனேன். "எங்கள் திடலைத் தொடாதே!" என்று சிவப்பில் கொட்டை எழுத்து.

மறுநாள் திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி என்சிக் ரஹ்மான் (என்சிக் என்றால் மலாயில் ஐயா), தங்கமான மனுஷன். வந்ததும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, சரியாக அந்தப் பேனருக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பேனர் என் கண்ணில் பட்டது. முன்வரிசையில் நம் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள். ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! படம் எடுத்து முடித்ததும் என்சிக் என் பக்கம் வந்து, பேனரைத் தடவிப் பார்த்து, மலாயில் ஆசையாகச் சொன்னார்:

"உங்க எழுத்து ரொம்ப அழகு. வரவேற்பு எழுதிப் போட்டதுக்கு நன்றி."

கெட்டிமேளம்

அதே கூட்டம். என் லேப்டாப்பில்தான் பாட்டு, அதே லேப்டாப்பில்தான் அவர்களுடைய படங்களும். "நான் விரலைத் தூக்கினால் அடுத்த படத்தைப் போடு" என்று என்சிக் சொல்லியிருந்தார். இதில் என்ன கஷ்டம் என்று நானும் தலையாட்டினேன்.

கல்யாண வீட்டில் மைக் செட் போட்டவர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். தாலி எடுக்கும்போது யாராவது ஒரு பெரியவர் ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றுவார். அந்தக் கணமே கெட்டிமேளம் முழங்க வேண்டும். மேளக்காரர் இல்லாத கல்யாணத்தில் அதை முழக்குகிறவன் நான். இத்தனை வருஷத்தில் ஒரு தாலிக்கும் நான் பிந்தியதில்லை. என்சிக் தூண்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இதோ உங்கள் ஸ்டேஷன்" என்று விரலைத் தூக்கிச் சுழற்றினார். என் கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. நாதஸ்வரமும் தவிலும் திடலே அதிரும்படி விளாசின. பாதிப்பேர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையிலிருந்த வேர்க்கடலையையே அட்சதையாகத் தூவிவிட்டார்.

நான் பொத்தானைத் தேடி அமுக்கினேன். சத்தம் அடங்கியது. சட்டைமேல் விழுந்த கடலையை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, என்சிக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"மாப்பிள்ளை யாருங்க?"

தலைவர் வரத் தாமதம்

இரண்டாவது எதிர்ப்புக் கூட்டம் பொது மண்டபத்தில். கூட்டம் கூடிவிட்டது, தலைவரைக் காணோம். காரணம், கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரில் வந்திருந்தார்கள். மண்டபத்துச் சாலை, அதற்கு முந்திய சாலை, சிக்னல் விளக்கு வரைக்கும் ஒரே ஜாம். ஜோசப் சார் தெருமுனையிலேயே காருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

கடைசியில் காரை எங்கேயோ புல்தரையில் ஏற்றிவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் அவர் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டினேன். அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, "அலமாக், என்னா ஜாம்டா ரவி! இதுக்கு ஒரு ட்ரெய்ன் இருந்திருந்தா அப்பவே வந்திருப்பேன் லா" என்றார். மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரும் அதைத் தெள்ளத்தெளிவாகச் சொல்லின. பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு அடங்கவே இல்லை. பாக்கியம் அக்கா மட்டும் சிரிக்காமல் தலையில் அடித்துக்கொண்டார். ஜோசப் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து கேட்டார்:

"ரவி, இது ஆன்லயா இருந்துச்சு?"

போனைப் பார்த்து ஊற்றும் தோசை

ஒரு கோயில் வேலை முடித்து விடிகாலையில் திடல் வழியாக வந்தேன். அக்கா கடையில் கல் காய்ந்துகொண்டிருந்தது. தோசை கேட்டேன். முதல் தோசை தீய்ந்தது, இரண்டாவது கிழிந்தது. இப்படி ஒரு நாளும் நடக்காதே என்று பார்த்தால், அக்காவின் கண் கல்லில் இல்லை, மாவுப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த போனில் இருந்தது. அவர் மகன் குமரன் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஏழு மணி ஷிஃப்ட். பாலத்து நெரிசலுக்குப் பயந்து நாலரைக்கே பைக்கில் கிளம்புகிறான். போன வருஷம் மழையில் பாலத்துக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்து, காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவன் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை அக்காவுக்குக் கை ஓடாது. செய்தி வந்தது. அடுத்த தோசை வட்டமாக, மொறுமொறு என்று வந்தது.

அந்த வாரமே குமரன் என் வீட்டுக்கு வந்தான். கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் படியேறினான். இரண்டு தரப்பும் ஒன்றாக உட்காரும் கடைசிக் கூட்டத்தில் தானும் பேச வேண்டும் என்றான். ரயில் வேண்டாம் என்றல்ல, வேண்டும் என்று.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லண்ணே. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

"ஆள விடுறா சாமி! நான் மைக் குடுப்பேன், பஞ்சாயத்து பண்ண மாட்டேன். அப்புறம் எனக்கு யாரு தோசை போடுவா?"

அவன் சிரித்தான். பிறகு ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னான்:

"அம்மா கடை இருக்கணும்னு எனக்கும் ஆசைதாண்ணே. ஆனா மழையில பிரேக் புடிக்கிறது நான்தானே."

கடைசிக் கூட்டம்

பொது மண்டபம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் எதிர்ப்புக் குழு, வலப்பக்கம் திட்டத்துக்காரர்கள், நடுவில் நானும் என் ஒலி மிக்சரும். ஜோசப் சார் இந்தக் காசில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம், எத்தனை பஸ் விடலாம் என்று அடுக்கினார். நல்ல பேச்சு, கைதட்டல் தூள் பறந்தது. பாக்கியம் அக்கா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் குமரன் எழுந்தான். மைக்கைக் கொடுத்தேன். அம்மா பக்கம் திரும்பாமல் மலாயில் பேசினான். தான் இந்தத் தாமான் பிள்ளை என்றான். விழுந்ததைச் சொன்னான், காலைக் காட்டினான். "எனக்கு இந்த ரயில் வேணும்" என்றான். ஜோசப் சார் அக்காவைப் பார்க்கிறார். அக்கா தரையைப் பார்க்கிறார். பெற்ற பிள்ளை ஊரறிய எதிர்ப்பக்கம் நின்றால் எந்தத் தாய்க்குத்தான் வலிக்காது?

என்சிக் ரஹ்மானுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நன்றி சொல்லிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். குமரன் ஆசையாகக் கேட்டான், முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று. என்சிக் தாளைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இப்போதைக்குக் காலை ஆறு மணி என்றுதான் போட்டிருக்கிறது என்றார். குமரன் மைக்கைப் பிடித்தபடியே நின்றான். ஆறுக்கு ஏறினால், பாலத்தோரம் ரயில் மாறி, குடிநுழைவு தாண்டி, ஏழு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போய்ச் சேருவான்? மைக்கை என்னிடம் நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

எதிர்ப்புக் குழுவில் யாரோ கைதட்டினார்கள். "சும்மா இருங்க!" என்று ஒரு அதட்டல். பாக்கியம் அக்காதான். ஜெயித்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விடுவிடுவென்று வந்தார். மகன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். மலாயும் தமிழும் கலந்து, கண்ணில் தண்ணீர் வழிய, என்சிக்கைப் பார்த்துக் கத்தினார்:

"என் புள்ளைக்கு நாலரை மணிக்கு ஒரு வண்டி விடுங்க என்சிக், கடைய நானே காலி பண்ணித் தரேன்!"

இன்றுவரை ரயிலும் வரவில்லை, கடையும் போகவில்லை, குமரன் இன்னும் பைக்கில்தான் போகிறான். எங்கள் தாமானில் இப்போதைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வது என் மைக் செட் ஒன்றுதான்.