தறிச் சத்தத்துக்கு அடியில்

போன மாதம் கோபத்தில் ஒரு ஹெட்போன் வாங்கினேன்.

பக்கத்து வீட்டுக் குமார் முன்கட்டில் இரண்டு பவர்லூம் போட்டிருக்கிறான். அவனும் மனைவியும் விடிந்ததிலிருந்து ஓட்டுகிறார்கள். ஆரணியில் இருந்துகொண்டு தறிச் சத்தத்தைக் குறை சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டட்டும். எழுதிப் பிழைக்கிறவன் மண்டையிடியோடு என்ன எழுதுவான்?

இது சாதாரண ஹெட்போன் இல்லை. சத்தத்தை அழிக்கிற ரகம். இதில் இருக்கும் குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும். சத்தம் என்பது காற்றில் வரும் அலைதானே? அந்த அலை மேலே ஏறும்போது கீழே இறங்குகிற அலை ஒன்றை இது விடும். இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். ஒரே மாதிரி ஓடுகிற சத்தம் நன்றாக அடங்கும் — ஃபேன், பஸ் இன்ஜின், சுவர் வழியே வரும் தறியின் உறுமல். மனிதக் குரல் அப்படியா? ஏறும், இறங்கும், சட்டென்று நிற்கும். அது முழுசாக அடங்காது.

மாட்டினேன். தறி காணாமல் போனது. அப்பாடா என்று லேப்டாப்பைத் திறந்தால்...

"குமாரு... டேய் குமாரு..."

குமாரின் அப்பா. நடமாட்டம் போய்ப் பின்கட்டில் படுத்திருக்கிறார், என் சுவரை ஒட்டி. எத்தனை நாளாகக் கூப்பிடுகிறாரோ?

நேராகப் போய்க் கத்தினேன். "உங்கப்பா கூப்ட்டுகினே இருக்காரு. காதுல விழலையாடா?"

"இந்தத் தறிக்கு நடுவுல யாரு குரல்ணா விழும்?"

ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். முகம் மாறியது. தறியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். ஹெட்போனை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு.

அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்தான்.

"ஏன், கேக்கலையா?"

"கேக்குதுண்ணா. அதான் பேஜாரு. அவரு கூப்புடறப்பல்லாம் தறிய நிறுத்தினேன். நிறுத்தி நிறுத்தி ஓட்டினா பட்டுல கோடு விழுது. நூல் குடுக்கற முதலாளி புடவைய எடுக்கல. சரி, நிறுத்தாம இருக்கலாம்னா... கேட்டுகினே எப்டிண்ணா ஓட்டறது?"

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது?

இப்போது அது என் காதில். குரல் வரும்போதெல்லாம் செம்பில் தண்ணீரோடு நான் போய் நிற்கிறேன். பெரியவர் செம்பைப் பார்ப்பதுகூட இல்லை.

"நீ எதுக்குப்பா வந்தே? நான் அவனைத்தானே கூப்ட்டேன்."